ஐந்து மாத முகவரி

வேலைக்கான படிவத்தில் பதினொன்றாம் பகுதிக்கு வந்ததும் ரோண்டா நின்றுவிட்டாள்.

அதுவரை சிரமம் இருக்கவில்லை. பெயர், முன்பு வேறு பெயர் ஏதாவது இருந்ததா, உயரம், எடை, கண்ணின் நிறம். பதினொன்றாம் பகுதி, பத்து ஆண்டுகளாக அவள் எங்கெங்கே குடியிருந்தாள் என்று கேட்டது. ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. தபால் பெட்டி எண்ணை முகவரியாகத் தரக் கூடாது. கடைசி மூன்று ஆண்டுகளில் இருந்த ஒவ்வோர் இடத்துக்கும், அங்கே அவளை நேரில் அறிந்த ஒருவரின் பெயர் வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. போன வருடத்துக் குளிர்காலத்தில், அக்டோபர் முதல் பிப்ரவரி முடிய, அவள் எதுவும் எழுதாமல் விட்டாள். கணினி அந்த இடத்தைச் சிவப்பாக்கி, இடைவெளி இருக்கிறது என்றது. அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது.

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஷெரில் சோளரொட்டிக்கு மாவு கலக்கியபடி திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி, ஊமையாயிட்ட?"

"அந்த அஞ்சு மாசத்துக்கு என்ன எழுதறது?"

"இங்க என்கூட இருந்தேன்னு எழுது. யாரு வந்து பாயை எண்ணப் போறாங்க?"

"வருவாங்க ஷெரில். அக்கம்பக்கத்துல கதவத் தட்டிக் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. பக்கத்து டிரெய்லர் வீட்டுக் கிழவிக்குக் காது செத்துப்போச்சு."

"எதிர்ல இருக்கறவளுக்கு நல்லாவே கேக்கும். உன் நாய் அவ கோழியக் கொன்னதுலேருந்து, உன்ன எந்தக் கோர்ட்ல ஏத்தலாம்னு பாத்துட்டிருக்கா." ரோண்டா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுவும் போக, நான் இங்க இல்லயே."

ஷெரிலின் கரண்டி நின்றது. அந்த அக்டோபரில், வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலை மூடப்பட்டு, வாடகை வீடும் போனபின், ரோண்டா இரண்டு பைகளோடு இந்த வாசலில்தான் வந்து நின்றாள். ஷெரில் கொசுவலைக் கதவைத் திறக்காமலே பேசினாள். டுவேன் தூங்கறாரு, நாளைக்குப் பேசலாம். அந்த நாளை வர ஐந்து மாதம் ஆயிற்று. ஷெரிலின் புருஷன் டுவேன் வேறொருத்தியோடு ஒஹையோவுக்குப் போன பிறகுதான் வந்தது.

"அதச் சொல்லிக் காட்டாட்டி உனக்குச் சாப்பாடு இறங்காது," என்றாள் ஷெரில்.

ரோண்டா எழுந்துபோய் அடுப்பைத் தணித்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மத்திய அரசின் ஆவண மையத்தில் எழுத்தர் வேலை. தேர்வில் தேறிவிட்டாள், நேர்காணலிலும் தேறிவிட்டாள். பின்னணி விசாரணை ஒன்றுதான் பாக்கி. மேற்கு வர்ஜீனியாவின் அந்தப் பக்கத்தில், மையத்தில் வேலை என்றால் மருத்துவக் காப்பீடு என்று அர்த்தம். ரோண்டாவுக்கு நாற்பத்துமூன்று வயது. பதினாறு வருடமாகச் சர்க்கரை. மலிவுவிலைக் கடையில் அலமாரி அடுக்கும் வேலைக்குக் காப்பீடு கிடையாது. இன்சுலின் மருந்தை மாதக் கடைசிவரை இழுப்பதற்காகப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதங்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. போன வாரம் செருப்புக்குள் ஒரு குண்டூசி நாள் முழுக்க இருந்ததை, சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

படிவத்தைப் பற்றி அந்த ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவன் அதை எழுதினான், வேலை கிடைத்தது. அவன் தம்பி ஒரு சின்ன அடிதடியை எழுதாமல் விட்டான், வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். என்ன செய்தாய் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை, மறைத்தாயா என்பதுதான் பொருட்டு என்று தேவாலயத்துக் காப்பி மேசையில்கூடப் பேசிக்கொள்வார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே தெளிவாகவே போட்டிருந்தது. தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டு வரை சிறை.

ரோண்டா தட்டச்சு செய்தாள். சொந்தக் கார். நெடுஞ்சாலைப் பேரங்காடியின் பின்பக்க நிறுத்துமிடம், கடைசி விளக்குக் கம்பத்தின் அடியில். பிறகு, அங்கே உங்களை அறிந்தவர் என்ற கட்டத்தில் கர்சர் மின்னி மின்னி அணைந்தது.

அங்கே அவளை அறிந்தவள் ஒருத்திதான்.

மார்லா ஸ்டில்ட்னர். அடுத்த இடத்தில் நின்ற வேனில், ஐந்து வயது மகள் ஹேசலோடு இருந்தாள். பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தை போட்டிருந்தாள். காலையில் அங்காடியின் கழிவறையில் குழந்தைக்குத் தலைவாரிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவாள். அவித்த முட்டை இருந்தால் ஒன்றை ரோண்டாவின் ஜன்னலுக்குள் நீட்டுவாள். ஹேசலுக்கு ராத்திரி இருமல் வரும், இருமினால் அழுகை. ரோண்டாவுக்கு அப்போது விடியற்காலை நாலு மணிக்கு வேலை. இரண்டு தடவை வேனின் ஜன்னலை மோதிரத்தால் தட்டியிருக்கிறாள்.

அதற்கு மூன்றாம் நாள் மார்லா வந்து சொன்னாள். "இனிமே உனக்குத் தொந்தரவு இருக்காது. இருமல் மருந்து ரெண்டு கரண்டி குடுத்துட்டேன். விடியற வரைக்கும் அசைய மாட்டா."

ரோண்டா அவளுக்கு நன்றி சொன்னாள். அன்றைக்கு அவள் நிஜமாகவே நன்றியோடுதான் இருந்தாள்.

ஜனவரியில் அங்காடியின் காவலாளி வந்து, வண்டிகளை எல்லாம் அப்புறப்படுத்தப் பேச்சு நடக்கிறது என்றான். பெரியவர்கள் மட்டும் என்றால் மேலாளர் கண்டுகொள்ள மாட்டார், குழந்தை இருப்பதுதான் அவருக்குப் பயம், ஏதாவது ஆகிவிட்டால் கடை பேர் கெட்டுவிடும் என்றான். மறுநாள் ரோண்டா கடைக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரு வேன். ஒரு குழந்தை. தாய் இரண்டு கரண்டி இருமல் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறாள். ஆமாம், தினமும்.

அதற்கு மறுநாள் மத்தியானம் வந்து ஹேசலைக் கூட்டிப்போனார்கள். ரோண்டா வேலை முடிந்து வந்தபோது வேனின் பின்கதவு திறந்து கிடந்தது, மார்லா மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். ரோண்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் வேன் போய்விட்டது. மற்ற வண்டிகளை யாரும் எதுவும் சொல்லவில்லை.

குழந்தைக்காகத்தான் செய்தேன் என்று ரோண்டா பலமுறை தனக்குள் சொல்லியிருக்கிறாள். அது முழுப் பொய்யும் இல்லை. அந்த வாரம் தண்ணீர்ப் புட்டி வண்டிக்குள்ளேயே உறைந்தது. ஆனால் அதற்கு முந்தின மூன்று வாரமும் உறைந்துகொண்டுதான் இருந்தது.

படிவத்தில் அதைக் கேட்கும் கட்டம் எதுவும் இல்லை.

*

மார்லாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முப்பது மைல் தள்ளி இருந்த ஊரில் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. ரோண்டா உள்ளே நுழைந்தபோது விரிப்பின் மேல்முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கணம் அப்படியே பார்த்தாள். பிறகு விரிப்பு கீழே விழுந்தது.

"ஏய், கடைசிக் கம்பம்! நீ இன்னும் சாகலையா?"

"சாகறதுக்குக்கூடக் காப்பீடு வேணுமாமே."

மார்லா வாய்விட்டுச் சிரித்தாள். ரோண்டாவைக் கட்டிக்கொண்டாள். அவள்மேல் சோப்பும் சூடான துணியும் மணத்தன. வெளுத்துப்போயிருந்தாள், ஆனால் முன்பைவிடத் தெம்பாக இருந்தாள். இயந்திரத்திலிருந்து இரண்டு காப்பி எடுத்துவந்து, ஒன்றை ரோண்டாவிடம் கொடுத்தாள்.

"உனக்குச் சர்க்கரை போடல. ஞாபகம் இருக்கு பாரு."

ரோண்டா விஷயத்தைச் சொன்னாள். மார்லா கேட்டுக்கொண்டே விரிப்புகளை மடித்தாள்.

"நான் என்ன சொல்லணும்?"

"நான் அங்க இருந்தேன்னு மட்டும் சொன்னாப் போதும். ஒரு ஆளு வந்து கேப்பாரு. சும்மா, ரெண்டு கேள்வி."

"போலீஸா?"

"சே, இல்ல. வேலைக்காகக் கேக்கறது. சும்மா."

"உனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறேன்," என்றாள் மார்லா. அவளே பேனாவை வாங்கி, தன் முழுப்பெயரையும் எண்ணையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தாள். முகவரியை எழுதும்போது கொஞ்சம் பெருமையோடு எழுதினாள். "ரெண்டு ரூம். ஜன்னலுக்கு வெளிய ஒரு மேப்பிள் மரம் இருக்கு. ஆகஸ்ட்ல கோர்ட்டு. பிள்ளை வளர்ப்பு வகுப்பெல்லாம் முடிச்சுட்டேன். போதை சோதனைக்கு எத்தன கிண்ணத்துல மூத்திரம் பிடிச்சுக் குடுத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு தடவகூடத் தப்பு வரல. ஆகஸ்ட்ல ஹேசல என்கிட்டத் திருப்பிக் குடுக்கறதப் பத்திப் பேசுவாங்க."

"இப்ப எங்க இருக்கா?"

"ஒரு வீட்ல வளக்கறாங்க. நல்லவங்கதான். சனிக்கிழம ரெண்டு மணி நேரம் பாக்கலாம். நல ஆபீஸ்காரி ஒருத்தி பக்கத்துல ஒக்காந்து எழுதிக்கிட்டே இருப்பா. நான் தும்மினாக்கூட எழுதிக்குவா."

ரோண்டா காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது, என்றாள். நல்லது மார்லா. திரும்பி வரும் வழி முழுக்க வானொலியைப் போடாமல் ஓட்டினாள். அவளுக்கு ஏற்பட்டது நிம்மதிதான். அது இன்னது என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

*

ஆறு வாரம் கழித்து, ஊர் நூலகத்தின் சின்ன அறையில் விசாரணை அதிகாரி பிளெவின்ஸ் அவளைச் சந்தித்தார். முன்பு மாவட்டக் காவல்துறையில் இருந்தவர். ஓய்வுபெற்றபின் இந்த வேலை. வெள்ளை மீசை, சட்டைப்பையில் இரண்டு பென்சில். அடையாள அட்டையைக் காட்டினார், உண்மையே சொல்வேன் என்று உறுதி வாங்கினார், படிவத்தின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பதினொன்றாம் பகுதியை மட்டும் தாண்டிப் போயிருந்தார். கடைசியில் அதற்குத் திரும்பி வந்தார்.

"இந்தக் கார் விஷயம், மேடம்."

"சொல்லுங்க சார்."

"நான் இத உங்ககிட்டச் சொல்லக் கூடாது. ஆனா சுத்தி வளைச்சா ரெண்டு பேருக்கும் நேரம் வீண். நீங்க பேர் குடுத்த அந்த அம்மாவப் போய்ப் பாத்தேன். உங்கள மாதிரி யாரையும் தெரியாதுங்கறாங்க."

ரோண்டாவுக்கு முதலில் புரியவில்லை. "வேற மார்லாவாப் பாத்துட்டீங்களா?"

"சலவை நிலையம். உங்க போட்டோவக் காட்டினேன். ரெண்டு கையாலயும் வாங்கி நல்லாப் பாத்தாங்க. பக்கத்து வண்டில ஆளே இல்ல, காலியாத்தான் கிடந்துதுன்னாங்க." பென்சிலை மேசைமேல் வைத்தார். "அஞ்சு மாசம் நீங்க எங்க இருந்தீங்கன்னு சொல்ல எனக்கு யாரும் இல்ல. அந்தக் காவலாளியும் வேலைய விட்டுப் போயிட்டான், எங்கன்னு தெரியல. இடைவெளியோட அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க. பொய் முகவரின்னு எழுதினா, அதோட முடிஞ்சுது."

"நான் அங்கதான் இருந்தேன் சார்."

"நான் நம்பறேன். நம்பிக்கைய எழுத இதுல கட்டம் இல்ல. காகிதம் ஏதாவது? பேரு, தேதி, இடம் மூணும் இருக்கற காகிதம். பார்க்கிங் அபராதம்? ஆம்புலன்ஸ்? அங்கேருந்து போலீஸுக்கோ வேற ஆபீஸுக்கோ எதுக்காவது போன் பண்ணினது உண்டா?"

அறைக்கு வெளியே யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. சத்தம் வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. பிளெவின்ஸ் காத்திருந்தார். காத்திருப்பது அவர் தொழில்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள் ரோண்டா.

"ரெண்டு வாரம்," என்றார் அவர்.

*

மார்லா சலவை நிலையத்தின் பின்வாசலில், உலர்த்தியின் வெப்பக்காற்று வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோண்டாவைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள். ரோண்டா உட்காரவில்லை.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"என்னத் தெரியாதுன்னு."

மார்லா புகையை ஊதினாள். "பென்சில் வெச்சிருந்த கிழவனா? பாவம், நல்ல மனுஷன். என் மேப்பிள் மரத்தப் பத்திக்கூடப் பேசினாரு."

"மார்லா. எனக்கு அந்த வேலை வேணும். நீ இல்லன்னா பேரு, தேதி, இடம் போட்ட காகிதம் கேக்கறாங்க. என் காலு போயிட்டிருக்கு. பாதி மருந்துலதான் ஓட்டிட்டிருக்கேன்."

"தெரியும்."

"பின்ன?"

மார்லா சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தாள். எழுந்திருக்கவில்லை. பேசும்போது குரலை உயர்த்தவும் இல்லை.

"கோர்ட்டுல எனக்கு ஒரு வக்கீல் குடுத்தாங்க. சின்னப் பொண்ணு. கேஸ் காகிதத்த எல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டினா. போன் பண்ணினது யாருன்னு கறுப்பு மையால அடிச்சிருந்தாங்க. என்ன சொன்னாங்கங்கறத அடிக்கல. தினமும் ராத்திரி ரெண்டு கரண்டி மருந்து, குழந்தை தூங்கறதுக்காக. வண்டில இருந்ததுக்காக ஹேசலத் தூக்கிட்டுப் போகல, தெரியுமா உனக்கு? வண்டின்னா தங்கற இடம் குடுத்திருப்பாங்க. அந்த மருந்துக்காகத்தான் தூக்கிட்டுப் போனாங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு கரண்டின்னு உலகத்துல ஒருத்திகிட்டத்தான் சொன்னேன். அதுவும் எதுக்குச் சொன்னேன்? நீ நிம்மதியாத் தூங்கணுமேன்னு சொன்னேன்."

ரோண்டா வாயைத் திறந்தாள். குழந்தைக்காக, என்ற வார்த்தை வந்தது. பாதியில் நின்றது.

"சொல்லு, சொல்லு," என்றாள் மார்லா. "குழந்தைக்காகன்னு சொல்லு. அன்னிக்கு என் கையப் பிடிச்சிட்டு ஒக்காந்திருந்தியே, அது எதுக்காக?"

குழாயிலிருந்து வந்த சூடான காற்று இரண்டு பேரின் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ இயந்திரம் சுற்றி முடித்து மணி அடித்தது.

"நீ வந்து நின்னப்ப, இவ மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு நெனச்சேன்," என்றாள் மார்லா. "காப்பி வாங்கிக் குடுத்தேன். நீ கேட்ட கேள்வி, எனக்காகச் சாட்சி சொல்றியா."

"முதல்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேற வழி தேடியிருப்ப. அந்தக் கிழவன் கேட்டான், இவங்க நம்பிக்கையான ஆளா, தப்பு நடந்தாப் போய்ச் சொல்ற ஆளான்னு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. நீதான் போன் பண்ணினங்கற உண்மையச் சொன்னா உனக்கு மெடல் குத்துவாங்க. சரியான ஆளு, எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். உனக்கு உதவாத உண்மை என்கிட்ட ஒண்ணுகூட இல்ல ரோண்டா. அதனால பொய் சொன்னேன்."

அவள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"உனக்குத்தான் ஒரு காகிதம் இருக்கே. உன் பேரு, தேதி, எந்தக் கம்பத்துக்குக் கீழன்னு எல்லாம் அதுல இருக்கும். அந்தக் கறுப்பு மைய நீயே போய் அழிச்சு வாங்கிட்டு வந்து உன் கையால குடு. வேலையும் கிடைக்கும்."

கதவு மூடிக்கொண்டது.

*

மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தாள். கழுத்தில் வாசிப்புக் கண்ணாடி ஒரு சங்கிலியில் தொங்கியது.

"தங்களப் பத்தி யாரு போன் பண்ணினாங்கன்னு சண்டைக்கு வருவாங்க, வாரத்துக்கு நாலு பேர். நான்தான் போன் பண்ணினேன், எழுதிக் குடுங்கன்னு வர்ற முதல் ஆளு நீங்கதான்."

"குடுக்கலாமா, முடியாதா?"

"உங்க பேரு, உங்க ரகசியம். ரகசியம் வேண்டாம்னு நீங்க கையெழுத்துப் போட்டாக் குடுத்துட வேண்டியதுதான்."

ரோண்டா கையெழுத்துப் போட்டாள். நான்கு நாளில் தபாலில் வந்தது. ஒரே பக்கம். பெயர், எண், தேதி, நேரம். அழைத்தவர் தங்கியிருந்த இடம்: அதே நிறுத்துமிடம், பக்கத்து வாகனம், அக்டோபரிலிருந்து. குடும்பத்துக்கு அழைத்தவர் என்ன உறவு என்று ஒரு வரி இருந்தது. அன்றைக்கு அப்படிக் கேட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. சிநேகிதி, என்று பதிந்திருந்தார்கள்.

அதை ஷெரிலிடம் காட்டவில்லை. ஆனால் ஷெரில் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தாள். சாப்பிடும்போது, "நான் கதவத் தொறக்கலன்னு ரெண்டு வருஷமா என்னக் குத்திட்டிருக்க," என்றாள். "நான் பரவாயில்ல போல." சொல்லிவிட்டு பீன்ஸில் வெங்காயத்தைப் போட்டுக்கொண்டாள்.

*

பிளெவின்ஸ் காகிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இது போதும் மேடம். போதுமென்ன, ரொம்ப நல்லது. இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் இருவத்தாறு வருஷம் காவல்துறைல இருந்தவன். உங்கள மாதிரி போன் எடுத்துப் பேசற ஆளுங்க இருந்திருந்தா எத்தன குழந்தைங்க பொழச்சிருக்கும்."

அவர் பென்சிலால் எதையோ குறித்தார். பிறகு காகிதத்தை மறுபடி எடுத்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"பக்கத்து வாகனம்." அவர் நிமிர்ந்தார். "அப்போ அந்த அம்மாவுக்கு உங்கள நல்லாத் தெரியும்."

ரோண்டா மடியிலிருந்த பையின் வாயை இழுத்து மூடினாள்.

"இல்ல, ஆளுங்க மறக்கறது உண்டு. ஒன்றரை வருஷம் ஆச்சு, அன்னிக்கு அவங்க இருந்த நிலைமையும் அப்படி. மறந்துட்டாங்கன்னா ஒரு வரில எழுதிட்டுப் போயிடுவேன். தெரிஞ்சே சொன்னாங்கன்னா அது வேற. மத்திய அரசு விசாரணைல பொய் சொல்றதே குற்றம். வழக்குப் போடுவாங்களா மாட்டாங்களா, எனக்குத் தெரியாது. ஆனா குழந்தை விஷயம் நடக்கறதால, என் அறிக்கை மாவட்டக் குழந்தைங்க ஆபீஸுக்கும் ஒண்ணு போகும். அதனால கேக்கறேன். படிவம் குடுத்ததுக்கு அப்புறம் நீங்க அவங்களப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"உங்க ஞாபகம் இருந்துதா அவங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுதான் ஆகும். அவரே அதற்கு வழி திறந்து வைத்திருந்தார். ஆளு மறந்துபோச்சு சார், நானும் இளைச்சுட்டேன். அவ்வளவுதான். ரோண்டா அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது சரியாகவே வந்தது.

அதன் பிறகு அவளுக்குத் தோன்றியது: இவர் மறுபடியும் சலவை நிலையத்துக்குப் போவார். கேட்பார். மார்லா அலட்சியமாகச் சொல்வாள், அவளா, இங்க வந்து கெஞ்சிட்டுப் போனாளே என்று. மார்லா எதையும் சொல்லக்கூடியவள். அப்போது பொய் தன் பெயரில் நிற்கும், கையெழுத்துக்கு மேலே இருந்த அந்த வரிகளோடு. காப்பீடு போகும். பாதங்கள் போகும். கண்ணும் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் நீண்ட நேரம் பார்த்தாள். சூடான காற்று முகத்தில் அடிக்க, தான் நின்றுகொண்டும் மார்லா உட்கார்ந்துகொண்டும் பேசிய அந்தப் பத்து நிமிடம். பாதி வார்த்தையில் நின்றுபோன தன் வாய். அதைப் பார்த்த ஒரே ஆள் மார்லாதான்.

மேப்பிள் மரம், ஆகஸ்ட், இரண்டு அறை. எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றையும் மறக்கவில்லை.

"இருந்துது சார்," என்றாள். "நான் உள்ள போனதுமே அடையாளம் கண்டுக்கிட்டா. கட்டிப் பிடிச்சா. தெரியாதுன்னு ஏன் சொன்னேன்னு அவளே என்கிட்டச் சொன்னா. வேணும்னேதான்."

பிளெவின்ஸ் பெருமூச்சு விட்டார். வருத்தப்பட்டதாகத்தான் தெரிந்தது. பையிலிருந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க கையாலயே எழுதிடுங்க. தேதி போட்டு."

ரோண்டா எழுதினாள். கையெழுத்து நன்றாக வந்தது. முதலில் மார்லா சம்மதித்ததை எழுதினாள், பிறகு பின்வாசலில் பேசியதை எழுதினாள். இரண்டு கரண்டியைப் பற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனாலும், மார்லா ஏன் பொய் சொன்னாள் என்பது விளங்க வேண்டுமே என்று அதையும் எழுதினாள். மருந்து கொடுத்ததை அவள் இப்போதும் தப்பாக நினைக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தாள். அப்படி மார்லா சொல்லவில்லை. போலிருக்கிறது என்றுதானே எழுதினோம் என்று நினைத்துக்கொண்டாள். பக்கம் நிறைந்தது. கையெழுத்துப் போட்டுத் தள்ளி வைத்தாள்.

அவர் அதைப் படித்து, மடித்து, கோப்பில் வைத்தார். படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"இன்னும் ஒரே ஒரு கேள்விதான். எல்லாரையும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. வெளிய தெரிஞ்சா அவமானம், அத வெச்சு யாராவது உங்கள மிரட்டலாம்ங்கற மாதிரி உங்க வாழ்க்கைல ஏதாவது இருக்கா?"

ரோண்டா யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள். உள்ளே ஒவ்வொரு இடமாகத் தேடிப் பார்த்தாள். வெளியே வராதது என்று எதுவும் கையில் அகப்படவில்லை.

"இல்ல சார்," என்றாள். "எல்லாத்தையும்தான் எழுதிக் குடுத்துட்டேனே."

பிளெவின்ஸ் தலையாட்டிவிட்டு, இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டார்.